ஹேக்கர் வீட்டில் பாத்திரம் கழுவுவது யார்?

“ஹேக்கருங்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதப்போறேன்மா” என்று வீட்டில் சொன்னதும், அம்மா செய்த முதல் காரியம் தன் போனை எடுத்து பேங்க் பேலன்ஸ் பார்த்ததுதான். “உனக்கு எதுக்குடி வம்பு? ஓடிபி கேட்டா சொல்லாம போனை வெச்சுடு” என்று அட்வைஸ் வேறு!

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. அக்கவுன்ட்டில் பணம் காணாமல் போனால், ‘ஹேக்கர்கள் கைவரிசை’ என்று தலைப்பு வைப்பதே எங்களைப் போன்ற டிஜிட்டல் டெஸ்க் ஆட்கள்தானே. ஆனால், அந்த வார்த்தைக்கும் திருட்டுக்கும் ஆரம்பத்தில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. 1950-களின் கடைசியில், அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் பொம்மை ரயில் ஓட்டும் மாணவர் கிளப் ஒன்று இருந்தது. மேஜைக்கு மேலே குட்டி ரயில், குட்டி ஸ்டேஷன் என்று அழகுபடுத்துகிறவர்கள் ஒரு கோஷ்டி. மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய், பழைய டெலிபோன் ரிலேக்களையும் ஒயர்களையும் இணைத்து சிக்னல் வேலை செய்யவைக்கிறவர்கள் இன்னொரு கோஷ்டி. இந்த இரண்டாவது கோஷ்டி, சாமர்த்தியமான ஒரு வேலையைச் செய்து முடித்தால் அதற்கு ‘ஹேக்’ என்று பெயர். அதைச் செய்கிறவர் ஹேக்கர். அவ்வளவுதான் விஷயம்.

அந்த மேஜைக்கு அடியில் கிடந்தவர்களின் வாரிசுகள் ஒன்றுகூடி வாடகைக்கு இடம் பிடித்தால் எப்படி இருக்கும்? அதற்குப் பெயர்தான் ‘ஹேக்கர்ஸ்பேஸ்’. ஒரு ஹால். அதில் சால்டரிங் அயர்ன், தையல் மெஷின், மர ரம்பம், 3டி பிரின்டர், ஒரு சமையலறை, ஓரமாக ஒரு கிழிந்த சோபா. யார் வேண்டுமானாலும் வரலாம், கற்கலாம், கற்றுக்கொடுக்கலாம். முதலாளி கிடையாது. மேனேஜர் கிடையாது.

இதைப் படித்தபோது எனக்கு வந்த முதல் சந்தேகம் டெக்னாலஜி பற்றியதே இல்லை. சரி, அப்போ அங்கே காபி குடித்த டம்ளரை யார் கழுவுவார்கள்? வாடகை யார் கட்டுவார்கள்? கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இப்படித்தான் கேட்கத் தோன்றும்!

ஒரே ஒரு விதி

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட ஹேக்கர்ஸ்பேஸ்களில் ஒன்றான ‘நாய்ஸ்பிரிட்ஜ்’ கதையைப் பிடித்துக்கொண்டேன். அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோ நகரில், மிஷன் என்ற பகுதியில் இருக்கிறது. லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் நிறைந்த பழைய ஏரியா. பிறகு டெக் கம்பெனி சம்பளக்காரர்கள் குடியேற, வாடகை தாறுமாறாக எகிறிய ஏரியா.

2007-ல் நாய்ஸ்பிரிட்ஜைத் தொடங்கியவர்களில் ஒருவர் மிட்ச் ஆல்ட்மன். இவர் யார் என்று கேட்டால், ‘ஊரில் இருக்கும் டி.வி-யையெல்லாம் அணைக்கும் மனிதர்’ என்று சொல்லலாம். 2004-ல் இவர் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘டி.வி-பி-கான்’ ஒரு சாவிக்கொத்து சைஸ் ரிமோட். அதில் இருப்பது ஒரே ஒரு பட்டன். அமுக்கினால், உலகத்தில் உள்ள டி.வி கம்பெனிகளின் ‘ஆஃப்’ சிக்னல்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிக்கொண்டே இருக்கும். ஹோட்டலிலோ, ஏர்போர்ட்டிலோ யாரும் பார்க்காமல் கத்திக்கொண்டிருக்கும் டி.வி பொசுக்கென்று அணைந்துவிடும். ராத்திரி சீரியல் நேரத்தில் இது நம் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

நாய்ஸ்பிரிட்ஜுக்கு 2008-ல் முதல் வாடகை இடம் கிடைத்தது. 2009-ல், மிஷன் தெருவில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது தளத்துக்கு மாறினார்கள். சுமார் 5,200 சதுர அடி. சின்னக் கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எலெக்ட்ரானிக்ஸ் மேஜைகள், மரவேலைப் பட்டறை, தையல் பகுதி, புகைப்படம் கழுவும் இருட்டறை, லைப்ரரி, சமையலறை என எல்லாம் அதற்குள்தான். புதிதாக யாராவது மணி அடித்து உள்ளே வந்தால், அப்போது அங்கே இருக்கிற யாரோ ஒருவர் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து, “வாங்க, சுத்திக் காட்டறேன்” என்று கூட்டிப்போவது வழக்கம். ரிசப்ஷனிஸ்ட் இல்லாத இடத்தில் எல்லோருமே ரிசப்ஷனிஸ்ட்.

அங்கே விதி என்று சொல்லப்படுவது ஒன்றே ஒன்றுதான். ‘ஒருத்தருக்கொருத்தர் அருமையா நடந்துக்கோங்க.’ 1989-ல் வந்த ஒரு ஹாலிவுட் காமெடிப் படத்தின் வசனம் அது! கம்பெனி சட்டதிட்டம், கையெழுத்து, ஃபைன் எதுவும் இல்லாமல், ஒரு காமெடிப் பட வசனத்தை நம்பி மர ரம்பம் ஓடும் ஒரு ஹாலைத் திறந்து வைத்தார்கள். அது எவ்வளவு தூரம் தாங்கியது என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

விண்வெளிக் கப்பலும் செவ்வாய்க்கிழமையும்

நாய்ஸ்பிரிட்ஜுக்கான விதை ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கே ‘கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்’ 1981-லேயே தொடங்கப்பட்டது. பெர்லினில் 1995-ல் ‘சி-பேஸ்’ என்ற ஹேக்கர்ஸ்பேஸ் உருவானது. சி-பேஸ்காரர்கள் தங்கள் இடத்துக்கு ஒரு தலபுராணமே எழுதிவைத்திருக்கிறார்கள். பல நூறு கோடி வருடங்களுக்கு முன்னால் பெர்லினில் ஒரு விண்வெளி நிலையம் விழுந்து மண்ணுக்குள் புதைந்துவிட்டதாம். இவர்கள் அதைத் தோண்டியெடுத்துப் பழுது பார்க்கிறார்களாம். ஊரின் நடுவே நிற்கும் பிரமாண்ட டி.வி டவர்தான் அந்தக் கப்பலின் ஆன்டெனாவாம்! ஸ்ப்ரே நதிக்கரையில் இருக்கும் அந்த இடத்தின் உள்ளே போனால், சுவரெல்லாம் விண்கலத்தின் உட்புறம் மாதிரி அலங்காரம். விளையாட்டுதான். ஆனால், ஜெர்மனியின் ‘பைரேட் பார்ட்டி’ என்ற அரசியல் கட்சி 2006-ல் இந்தக் ‘கப்பலுக்குள்’தான் தொடங்கப்பட்டது என்றால், விளையாட்டின் வீச்சு புரியும்.

2007 ஆகஸ்ட்டில், பெர்லினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய விமான தளத்தில் ஹேக்கர்களின் கூடார முகாம் நடந்தது. நான்கு வருடங்களுக்கு ஒருமுறை நடக்கும் திருவிழா அது. அமெரிக்காவிலிருந்து ஒரு குழு அங்கே போனது. சி-பேஸையும், வியன்னாவில் 2006-ல் தொடங்கியிருந்த ‘மெட்டாலேப்’பையும் பார்த்தார்கள். ‘நம்ம ஊர்ல ஏன் இப்படி ஒண்ணு இல்லை?’ என்று ஊர் திரும்பியவர்கள் ஆளுக்கொரு பக்கம் வேலையைத் தொடங்கினார்கள். நியூயார்க்கில் ‘என்.ஒய்.சி ரெசிஸ்டர்’, வாஷிங்டனில் ‘ஹேக் டி.சி’, சான்ஃபிரான்சிஸ்கோவில் நாய்ஸ்பிரிட்ஜ். எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில்.

அதே வருடம் டிசம்பரில், யென்ஸ் ஓலிக், லார்ஸ் வைலர் என்ற இரண்டு ஜெர்மன் ஹேக்கர்கள் பெர்லின் மாநாட்டில் ஓர் உரை நிகழ்த்தினார்கள். ஹேக்கர்ஸ்பேஸ் ஆரம்பிப்பவர்களுக்கான அனுபவக் குறிப்புகள். இதில் புரோகிராமிங் பற்றி ஏதாவது இருக்கும் என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். அத்தனையும் குடும்பம் நடத்தும் கலை!

உதாரணத்துக்கு ஒன்று: வாராந்தரக் கூட்டத்தை எந்தக் கிழமை வைப்பது? ஒருத்தருக்குத் திங்கள் முடியாது, இன்னொருத்தருக்குப் புதன் ஆகாது, வியாழன் ஒருவருக்கு வகுப்பு. விவாதம் முடியவே முடியாது. எனவே, விவாதிக்காதீர்கள், செவ்வாய்க்கிழமை என்று முடிவு செய்துவிட்டு வேலையைப் பாருங்கள். நாய்ஸ்பிரிட்ஜின் கூட்டமும் செவ்வாய்க்கிழமைதான். நம் ஊரில் செவ்வாய்க்கிழமை எதையும் தொடங்கக் கூடாது என்பார்கள்... அங்கே செவ்வாய்க்கிழமை இல்லாமல் எதுவுமே தொடங்காது.

இன்னொரு குறிப்பு: கண்டிப்பாகச் சமையலறை வேண்டும். சேர்ந்து சாப்பிடாதவர்கள் சேர்ந்து வேலை செய்யமாட்டார்கள். மற்றொன்று: யார் எவ்வளவு கெஞ்சினாலும் யாரையும் அங்கேயே குடியிருக்க விடாதீர்கள். இந்தக் கடைசிக் குறிப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள். பின்னால் வரப்போகிறது.

எரிமலை மாதிரி வந்தா சரி!

வகுப்புகளுக்கு வருவோம். நாய்ஸ்பிரிட்ஜில் பல வருடங்களாகத் திங்கள்கிழமை மாலைகளில் நடந்த சர்க்யூட் வகுப்பு பிரபலம். ஐயர்னையே பார்த்திராத ஒருவர் வந்து உட்கார்ந்தால், போகும்போது தானே பற்றவைத்த, வேலை செய்யும் ஒரு கருவியோடு போகலாம். சொல்லித்தருவதற்குக் கட்டணம் இல்லை. கிட் வாங்கினால் அதற்கு மட்டும் காசு. மிட்ச் ஆல்ட்மனே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். டி.வி-பி-கானும் நாமே பற்றவைத்துக்கொள்ளும் கிட்டாகக் கிடைக்கிறது. இது தவிர பைத்தான், தையல், பூட்டுத் திறக்கும் கலை, மெஷின் லேர்னிங் என்று யாருக்கு எது தெரியுமோ அது வகுப்பாகிவிடும். சொல்லிக்கொடுக்க டிகிரி தேவையில்லை. போன மாதம் கற்றுக்கொண்டவர் இந்த மாதம் வாத்தியார்.

எழுதுவதற்கு முன்னால் நானும் ஒருமுறை செய்துபார்க்க வேண்டும் என்று தோன்றியது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன்.

“என்னம்மா வேணும்?”

“அண்ணே, சால்டரிங் அயர்ன் ஒண்ணு...”

“எத்தனை வாட்ஸ்?”

முழித்தேன். “காலேஜ் புராஜெக்ட்டா? 25 வாட்ஸ் போதும்மா. லெட், பேஸ்ட்டும் சேர்த்து எடுத்துக்கோ” என்று அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். காலேஜ் முடித்து மூன்று வருடம் ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷம் இருக்கட்டுமே.

டி.வி மெக்கானிக்குகள் ‘லெட்’ என்று சொல்வது ஈயமும் வெள்ளீயமும் கலந்த கம்பி. சரியான விகிதத்தில் கலந்தால் 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நான் செய்த முதல் தப்பு, கம்பியை அயர்ன் நுனியில் வைத்து உருக்கி, அதைச் சொட்டுச் சொட்டாக போர்டில் விட்டது. வீடியோ காலில் இருந்த இன்ஜினீயரிங் தோழி தலையில் அடித்துக்கொண்டாள். “லெட்டைச் சூடுபண்ணாத லூசு, இடத்தைச் சூடுபண்ணு!” போர்டில் இருக்கும் செம்பு வளையத்தையும் எல்.இ.டி-யின் காலையும் சேர்த்து இரண்டு விநாடி அயர்னால் தொட்டுவிட்டு, பிறகு கம்பியை அங்கே வைக்க வேண்டும். அது தானாக உருகி, காலைச் சுற்றி ஓடி, குட்டி எரிமலை மாதிரி பளபளவென்று நின்றால் சரி. உருண்டையாக, மங்கலாக நின்றால் பார்க்க ஒட்டியது போல இருக்கும், மின்சாரம் போகாது. பதினொன்றாவது இடத்தில் எனக்கு எரிமலை வந்தது. அந்த ஒரு நொடிக்காக இவர்கள் ஏன் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் புரிந்தது. (ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், முடித்ததும் கையை சோப் போட்டுக் கழுவுங்கள். ஈயம் விளையாட்டுப் பொருள் இல்லை.)

எல்லா மெஷினையும் இப்படி எடுத்தவுடன் தொட முடியாது. இது போன்ற இடங்களில் லேசர் கட்டர், மர ரம்பம் போன்றவற்றுக்கு முதலில் பயிற்சி, பிறகுதான் அனுமதி. பி.வி.சி ஷீட்டை லேசரில் வெட்டப் போனால் அரிக்கும் அமில வாயு கிளம்பும். மெஷினும் போகும், நுரையீரலும் போகும். ‘அருமையா நடந்துக்கோங்க’ என்றால் இதுவும் சேர்த்திதான்.

1,575 பாட்டில்கள்

புராஜெக்ட்டுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ஃப்ளாஷன் டாஷன்’. 2016-ல் நாய்ஸ்பிரிட்ஜில் செய்தார்கள். பால் பாக்கெட் வரும் பிளாஸ்டிக் கிரேட் போன்ற பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 25 காலி பாட்டில்கள் படுக்கவைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு வண்ண எல்.இ.டி. இப்படிப்பட்ட பெட்டிகளை அடுக்கி, 45-க்கு 35 என்ற கணக்கில் ஒரு சுவர். அதாவது 1,575 பாட்டில்களால் ஆன ஒரு டி.வி! பக்கத்தில் போய்ப் பார்த்தால் பாட்டில். தள்ளி நின்றால் படம் ஓடும். ஒருவர் சாஃப்ட்வேர் எழுத, இன்னொருவர் பற்றவைக்க, வேறு சிலர் பாட்டில் பொறுக்க என்று கை சேர்ந்த வேலை. அத்தனை பீர் பாட்டில்களைக் காலி செய்தவர்களின் தியாகத்தையும் இந்த இடத்தில் குறிப்பிட வேண்டும்.

2010-ல் ‘ஸ்பேஸ்பிரிட்ஜ்’ என்று ஒன்று. வானிலை ஆராய்ச்சிக்கு விடும் பெரிய பலூனில் கேமராவையும் ஸ்மார்ட்போனையும் கட்டிப் பறக்கவிட்டார்கள். சுமார் 70,000 அடி உயரம். விமானம் பறப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கறுத்த வானத்துக்குக் கீழே பூமியின் விளிம்பு வளைந்து தெரியும் போட்டோக்களோடு பெட்டி கீழே வந்து சேர்ந்தது.

இதெல்லாம் பெரிய விஷயம். சமையலறைக்குள் நடந்ததும் புராஜெக்ட்தான். ‘டேஸ்ட்பிரிட்ஜ்’ என்ற குழு அங்கே நொதிக்கவைத்த உணவுகளில் இறங்கியது. கொம்புச்சா, புளிக்கவைத்த மாவில் ரொட்டி என்று ஏகப்பட்ட சோதனைகள். மாவு பொங்கி வழிகிறதா என்று காலையில் எழுந்து எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தமிழ்நாட்டுப் பெண்ணும் ஹேக்கர்தான் என்று சொன்னால், அம்மா நம்ப மறுக்கிறார்.

பார்ட்டி யாருக்காக?

ஹேக்கர் என்றால் இருட்டறையில் தனியாக உட்கார்ந்திருப்பவர் என்றுதானே சினிமாவில் காட்டுகிறார்கள்? நிஜத்தில் இவர்கள் பார்ட்டிப் பிரியர்கள். ஆண்டு விழா, நிதி திரட்டும் விழா, ‘சும்மா ஒரு விழா’ என்று காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. நாய்ஸ்பிரிட்ஜில் பல வருடங்கள் மாதம் ஒருமுறை நடந்த ‘ஐந்து நிமிடப் புகழ்’ இரவு அழகான ஐடியா. யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம். தலைப்பு எதுவாகவும் இருக்கலாம். ஐந்து நிமிடம் முடிந்தால் அவ்வளவுதான், இறங்கிவிட வேண்டும். நம் ஊர்க் கல்யாண வாழ்த்துரைகளுக்கு உடனடியாக இறக்குமதி செய்யப்பட வேண்டிய டெக்னாலஜி.

பார்ட்டிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு சால்டரிங் தெரியாது. பாட்டுக்காகவோ, நண்பனுக்காகவோ வருகிறார்கள். வந்தவர், மூலையில் மினுங்கும் பாட்டில் சுவரைப் பார்த்து, “இதை யார் செஞ்சது?” என்று கேட்கிறார். அடுத்த திங்கள்கிழமை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். உண்டியலும் அன்றைக்குத்தான் நிரம்பும்.

ஆம், உண்டியல்! வாடகைக் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் நாய்ஸ்பிரிட்ஜ் உறுப்பினர் சந்தா மாதம் 80 டாலர். அது முடியாதவர்களுக்கு ‘பட்டினி ஹேக்கர்’ கட்டணம் 40 டாலர். (அந்தப் பெயரை அவர்களேதான் வைத்தார்கள்.) சந்தா கட்டாதவர்களும் எல்லாக் கருவிகளையும் பயன்படுத்தலாம், வகுப்புக்கு வரலாம். உறுப்பினருக்குக் கூடுதலாகக் கிடைப்பது, செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுக்கும் உரிமை. அந்தக் கூட்டத்தில் மெஜாரிட்டி கணக்கு கிடையாது. ஒருவர் ‘எனக்கு இது சம்மதமில்லை’ என்று உறுதியாகத் தடுத்தால் தீர்மானம் நின்றுவிடும். அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்குக்குப் போனவர்களுக்கு இதைக் கேட்டதும் வியர்க்கும். அங்கேயும் விடிய விடியப் பேசியிருக்கிறார்கள்.

அதனால்தான், சின்ன விஷயங்களுக்குக் கூட்டமே வேண்டாம் என்று இன்னொரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். அலமாரி கோணலாக இருக்கிறதா? யாரிடமும் கேட்காமல் நீயே சரிபண்ணு. செய்கிறவருக்கே அதிகாரம். பாத்திரம் கழுவுவது யார் என்ற என் கேள்விக்கும் இதுதான் அதிகாரபூர்வமான பதில்: அழுக்குப் பாத்திரம் யார் கண்ணை உறுத்துகிறதோ, அவர். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு அந்த ‘அவர்’ பெரும்பாலும் யாராக இருப்பார் என்று தெரியும். கழுவுகிறவரே கழுவிக்கொண்டிருப்பார். இந்த ஏற்பாட்டின் பலவீனமே இதுதான் என்பது என் எண்ணம்.

திறந்த கதவின் விலை

எல்லோருக்கும் கதவு திறந்திருந்தால், எல்லோரும் வருவார்கள். கருவியைக் கற்க வருபவர் வருவார். கருவியைத் தூக்கிக்கொண்டு போகிறவரும் வருவார். வாடகை எகிறிய ஊரில் தங்க இடமில்லாதவர்களுக்கு, இரவிலும் விளக்கு எரிகிற, சோபா போட்ட, ஹீட்டர் உள்ள ஒரு ஹால் எப்படித் தெரியும்? அந்தக் கிழிந்த சோபாவில் ஆட்கள் உறங்கத் தொடங்கினார்கள். ஜெர்மன்காரர்கள் 2007-லேயே எச்சரித்திருந்த அதே பிரச்னை.

இதில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கே சட்டென்று சொல்லத் தெரியவில்லை. குளிரில் நிற்பவரை வெளியே போகச் சொல்வதா ‘அருமையா நடந்துக்கிறது’? ஆனால், அவர் உறங்கும் இடத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு கல்லூரிப் பெண் தனியாக வந்து வேலை பார்ப்பாரா? நாய்ஸ்பிரிட்ஜும் இதைப் பல செவ்வாய்க்கிழமைகள் பேசியது. 2014 வாக்கில் இடத்தைச் சீரமைத்து, இரவில் யார் இருக்கலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தார்கள். அங்கே உறங்கக் கூடாது என்பதும் கறாரானது. ஒரே ஒரு விதி, கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டி போட்டது.

பெண்களின் கணக்கு தனி. ஹேக்கர்ஸ்பேஸ்களில் பெரும்பாலும் ஆண்கள்தான். ‘இது உனக்குத் தெரியாது, கொடு நான் பண்றேன்’ என்று கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கும் ஆண்கள் சான்ஃபிரான்சிஸ்கோவிலும் உண்டு. அதைவிட மோசமான அனுபவங்களும் உண்டு. 2013-ல் அதே நகரில் சில பெண்கள் சேர்ந்து ‘டபுள் யூனியன்’ என்ற ஹேக்கர்ஸ்பேஸைத் தொடங்கினார்கள். அங்கே எலெக்ட்ரானிக்ஸ் மேஜைக்குப் பக்கத்திலேயே தையல் மெஷினும் புத்தக அலமாரியும் சமமான இடத்தில் இருந்தன. விதிகளை முதல் நாளே எழுதி ஒட்டிவிட்டார்கள். திறந்த கதவை விட, தெளிவான விதி சிலருக்குப் பாதுகாப்பு. வியன்னாவில் அதற்கும் முன்பே ‘மிஸ் பால்தசார்ஸ் லேபரட்டரி’ என்று பெண்கள் தங்களுக்கென ஓர் இடம் அமைத்திருந்தார்கள்.

இதில் பணமும் ஒரு சோதனை. நியூயார்க்கின் என்.ஒய்.சி ரெசிஸ்டரில் பழகிய மூன்று பேர், 2009-ல் ‘மேக்கர்பாட்’ என்ற 3டி பிரின்டர் கம்பெனி தொடங்கினார்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005-ல் தொடங்கிய ‘ரெப்ராப்’ என்ற திட்டம்தான் அடிப்படை. அதன் வரைபடங்கள் எல்லாம் எல்லோருக்கும் பொது. மேக்கர்பாட்டும் முதலில் வரைபடங்களைத் திறந்தே வைத்தது. 2012-ல் வந்த மாடலில் அதை நிறுத்தியது. மறுவருடம், 40 கோடி டாலருக்கும் மேல் மதிப்பில் ஒரு பெரிய கம்பெனி மேக்கர்பாட்டை வாங்கிக்கொண்டது. ஊரே சேர்ந்து தூர்வாரிய குளத்தை ஒருவர் பட்டா போட்டுக்கொண்டது போல என்று பழைய ஹேக்கர்கள் குமுறினார்கள். தொழிலென்று வந்தால் போட்டியாளர் காப்பி அடிப்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்பது கம்பெனிப் பக்கத்து நியாயம்.

நாய்ஸ்பிரிட்ஜ் விற்கவில்லை, விற்க அங்கே எதுவும் இல்லை. 2020-ல், ஊரடங்குக்கு நடுவில், பத்து வருடத்துக்கும் மேல் இருந்த மிஷன் தெரு இடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தது. நன்கொடை திரட்டி, ரம்பங்களையும் சோபாக்களையும் மூட்டை கட்டி, பக்கத்துத் தெருவான கேப் ஸ்ட்ரீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மும்பையில் விழுந்த சீலிங்

இந்தியாவில் இந்தக் கதை 2013-ல் மும்பையில் ஓர் அலுவலகத்தின் சீலிங் இடிந்து விழுந்ததில் தொடங்குகிறது. வைபவ் சாப்ரா என்ற இளைஞர் வேலை பார்த்த இடம் அது. உடைந்துபோன மேஜை நாற்காலிகளுக்குப் பதிலாகப் புதிதாக வாங்காமல், “வாங்க, நாமளே செய்வோம்” என்று வார இறுதிகளில் தெரிந்தவர்களை அழைத்தார். வந்தவர்கள் மேஜை செய்து முடித்த பிறகும் வருவதை நிறுத்தவில்லை. அப்படி உருவானதுதான் ‘மேக்கர்ஸ் அசைலம்’.

2020-ல் கொரோனா வந்து, டாக்டர்களுக்கே பாதுகாப்புக் கவசம் கிடைக்காத அந்த நாட்களை மறந்திருக்க மாட்டோம். மேக்கர்ஸ் அசைலம் குழு ஃபேஸ் ஷீல்டு ஒன்றை வடிவமைத்தது. வடிவமைப்பைப் பூட்டி வைக்காமல், நாட்டின் பல ஊர்களில் இருந்த இதே போன்ற பட்டறைகளுக்கு அனுப்பியது. அவரவர் ஊர் ஆஸ்பத்திரிக்கு அவரவர் செய்து கொடுத்தார்கள். 49 நாட்களில் 10 லட்சம் ஷீல்டுகள். லாரி ஓடாத ஊரடங்கில், பொருளுக்குப் பதிலாக வரைபடம் பயணம் செய்தது. மேக்கர்பாட் சண்டையில் பழைய ஹேக்கர்கள் ஏன் அப்படிக் குமுறினார்கள் என்பது இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

தமிழ்நாட்டில் இந்தக் குணத்தோடு, ஆனால் ரம்பமும் பிரின்டரும் இல்லாமல், லினக்ஸ் பயனர் குழுக்கள் பல வருடங்களாக இயங்கிவருகின்றன. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் இருக்கின்றன. விழுப்புரத்தில், கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகவே கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறார்கள். சொல்லித்தருபவர் வேலைக்குப் போகிறவர், சம்பளம் கிடையாது, விடுமுறை நாளில் வருகிறார். வகுப்பு முடிந்ததும் டீ.

என் கதைக்கு வருகிறேன். ரிச்சி ஸ்ட்ரீட் கிட்டில் மொத்தம் பத்து எல்.இ.டி. ஒன்பது எரிகிறது. ஒன்று எரியவில்லை. தோழி வீடியோவில் பார்த்துவிட்டு, “அதைத் திருப்பிப் போட்டுருக்க. நீளமான கால் இந்தப் பக்கம் வரணும். கழட்டு” என்றாள். கழற்ற இன்னும் கை வரவில்லை.

மேஜை மேல் அது ஒன்பது கண்ணோடு மினுங்குவதை அம்மா ரெண்டு நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேற்று ராத்திரி பரணிலிருந்து பழைய மிக்ஸியை இறக்கி, அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். “அவசரமில்லை, உனக்கு எப்போ முடியுதோ அப்போ பாரு” என்றார். “ஆனா, செவ்வாய்க்கிழமை மட்டும் பிரிக்காதே!”